போட்டி நாளில் குதிரை மந்தமா?

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். சேணம் அழுத்தும் முதுகு, கூராகிவிட்ட கடைவாய்ப் பல், வயிற்றுப் புண் என எது இருந்தாலும் குதிரை நகர மறுக்கும். நாம் சோம்பேறிப் பட்டம் கட்டிவிடுவோம். சந்தேகமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி இல்லையென்றால், குறை பெரும்பாலும் நம் குதிகாலில்தான். ஓயாமல் விலாவில் உதைத்தால் குதிரைக்கு மரத்துப்போகும். கெண்டைக்காலால் ஒரே ஒருமுறை லேசாக அழுத்துங்கள். அசையவில்லையா? உடனே உங்கள் காலுக்குப் பின்னால் சாட்டையால் ஒரு தட்டு. துள்ளிக் கிளம்பினால் கடிவாளத்தை இழுக்காதீர்கள், கழுத்தைத் தடவிக்கொடுங்கள். இதைப் போட்டிக்கு முன்பே வழக்கமான பயிற்சியில் பழக்கிவிட வேண்டும்.

போட்டி நாளன்று வெயிலில் அதிக நேரம் சுற்றவைத்தால் தெம்பு பயிற்சித் திடலிலேயே தீர்ந்துவிடும். உடலைச் சூடேற்ற 20 நிமிடம் போதும். நடை, ஓட்டம், நிற்றல் என்று அடிக்கடி மாற்றுங்கள். தானியத் தீவனத்தைப் போட்டிக்கு 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.