சிவஞானபோதத்தைப் படிக்கும் வரிசை

கேள்வி: சிவஞானபோதம் சிறிய நூல்தான். ஆனாலும் புரியவில்லையே, எப்படிப் படிப்பது?

பதில்: 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய இந்தச் சைவ சித்தாந்த நூலின் 12 சூத்திரங்களும் சேர்ந்து 40 அடிகளே. அந்தச் சுருக்கமே கடினத்துக்குக் காரணம். முதல் 6 சூத்திரங்கள் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) ஆகியவற்றின் பொது இயல்பையும், பின் 6 சிறப்பியல்பையும் கூறுகின்றன. ஒவ்வொரு சூத்திரமும் அதிகரணங்கள் என்னும் உட்பகுதிகளாகப் பிரிந்து, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று நடக்கிறது. இங்கே மேற்கோள் என்பது பிறர் வாசகம் அன்று, நிறுவ வேண்டிய கருத்து. ஏது அதற்கான காரணம். எடுத்துக்காட்டு வெண்பாவாக வரும்.

ஆகவே எளியதிலிருந்து தொடங்குங்கள். வினா-விடையாக அமைந்த உண்மை விளக்கம் என்ற நூல் முதற்படி. அடுத்து சிவஞானபோதத்தின் வழிநூலான சிவஞான சித்தியாரில், தன் கொள்கையைக் கூறும் பகுதியான சுபக்கம். பின்னர் சிவஞான முனிவரின் சிற்றுரையோடு மூலம். அவரது விரிவுரையான மாபாடியம் கடைசியில்.