பச்சைக் குழந்தை எங்கே படுக்கும்?



வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற சமயத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து எத்தனையோ பேசுகிறோம். எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம், யார் துணைக்கு இருப்பது, ராத்திரியில் வலி எடுத்தால் வண்டிக்கு என்ன வழி என்று எல்லாம் முடிவாகிவிடும். பிறந்து வீட்டுக்கு வருகிற குழந்தை எங்கே படுக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "அதுக்கென்ன சார், விட்டத்துல ஒரு சேலையைக் கட்டினா ஆச்சு" என்று பதில் வரும். பச்சைக் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. அத்தனை நேரம் கழிகிற இடத்தைப் பற்றி ஐந்து நிமிஷமாவது பேச வேண்டாமா?

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை ராத்திரியில் தாயின் கை எட்டும் தூரத்தில், ஆனால் தனக்கென்று தனியான இடத்தில் படுக்க வேண்டும். அந்த இடம் சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். அதில் வேறு சாமான் எதுவும் கிடக்கக் கூடாது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். இவ்வளவும் அமைந்தால் பாய் கூடப் போதும். அமையாவிட்டால் தேக்குத் தொட்டிலானாலும் ஆபத்துதான்.

சத்தமில்லாமல் அடைபடும் மூச்சு

பப்பாளி இலைக் காம்பை ஒடித்து ஊதி விளையாடாத பிள்ளை உண்டா? அந்தக் குழலை நடுவில் மடக்கிக்கொண்டு ஊதிப் பாருங்கள். காற்று போகாது. பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் அதைவிடச் சன்னமானது. குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்குப் பலம் கிடையாது. குழிவான இடத்தில் கிடத்தினால் தலை முன்னால் சாய்ந்து மோவாய் நெஞ்சில் முட்டும். அப்போது மூச்சு போகிற வழி குறுகிவிடுகிறது. பெரியவர்களானால் திணறி எழுந்துகொள்வோம். பச்சைக் குழந்தை தலையைத் தூக்க முடியாமல் அப்படியே கிடக்கும். அழுதால் ஓடி வந்து எடுப்போம். ஆனால் மூச்சு அடைபடுகிற குழந்தையால் அழ முடியாது. மெத்தென்ற தலையணையில் முகம் புதைந்தாலும், போர்வை மூக்கை மூடினாலும் இதே கதைதான்.

இன்ன காரணம் என்று தெரியாமலே, நன்றாக இருந்த குழந்தை தூக்கத்தில் இறந்துபோவதும் உண்டு. முதல் ஆறு மாதத்தில், அதிலும் இரண்டாவது மாதம் முதல் நாலாவது மாதம் வரை, இந்த ஆபத்து அதிகம். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும், குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். பத்து வருஷத்துக்குள் இந்த வகைச் சாவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. இதற்கு மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. படுக்க வைக்கிற விதத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

"மல்லாக்கப் போட்டா கக்கின பால் மூச்சுக்குழல்ல போயிடாதா?" என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கிறது. கக்கின பால் மேடேறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும். குப்புறப் படுத்தால்தான் அது சுலபமாக இறங்கும். பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைத்து, அப்புறம் படுக்க வையுங்கள். மண்டை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வைக்கிறார்களே, அது வேண்டாம். குழந்தை விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். மண்டைக்கும் நல்லது, கழுத்துக்கும் பலம்.

தூளியை என்ன செய்வது?

தூளி, ஏணை, சேலைத் தொட்டில் என்று ஊருக்கு ஒரு பேர். நானும் அதில் வளர்ந்தவன்தான். களையெடுக்கப் போன இடத்தில் வேப்பமரக் கிளையில் கட்டி என்னைப் போட்டிருந்ததாக என் அம்மா சொல்லுவார். ஆகவே தூளியைத் திட்ட எனக்கு மனசு வராது. அழுகிற குழந்தையை அமர்த்த அதுபோல இன்னொன்று கிடையாது. ஆனாலும் அதன் அடி குழிவுதான். குழந்தை அதில் வளைந்துதான் கிடக்கிறது. இரண்டு பக்கமும் துணி மூடியிருப்பதால் வெளியிலிருந்து முகம் தெரியாது. கீழே படுத்திருக்கும் தாய்க்கு, மேலே தொங்கும் குழந்தையின் உதடு நீலம் பாரிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஆகவே ஆட்டி அமர்த்தத் தூளி, தூங்குவதற்குப் படுக்கை என்று பிரித்துக்கொள்ளுங்கள். தூளியில் குழந்தை இருக்கிற வரைக்கும் விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் அசந்ததும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். "எடுத்தா உடனே முழிச்சுக்குதே!" என்பீர்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் தொல்லைதான், மறுப்பதற்கில்லை. தாய் ஒருத்தியே எல்லா ராத்திரியும் விழிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தகப்பனும் முறை வைத்துக்கொள்ளட்டும். குறைமாதக் குழந்தைக்கும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் தூளி வேண்டவே வேண்டாம். கடையில் விற்கிற ஸ்பிரிங் தொட்டிலிலும் அதே குழிவு உண்டு. கொக்கி கழன்று விழுகிற ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

தொட்டில் வாங்குவதானால்

1998-ல் என் மூத்த மகளுக்கு டவுன் கடை ஒன்றில் மரத்தொட்டில் வாங்கினேன். நல்ல பாலிஷ், பக்கவாட்டில் கடைசல் கம்புகள். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். குழந்தைக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒருநாள் விடியற்காலையில் கால் இரண்டும் கம்புக்கு வெளியே வந்து, உடம்பும் வழுக்கி, தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. என் மனைவி பக்கத்திலேயே படுத்திருந்ததால் விழித்துத் தாங்கிப் பிடித்தாள். நான் ஒரு கம்பை உடைத்துத்தான் குழந்தையை எடுத்தேன். பிறகு அளந்து பார்த்தால் கம்புக்கும் கம்புக்கும் மூன்றரை அங்குல இடைவெளி. அப்போது நான் பொதுச் சுகாதாரப் பட்டயம் வாங்கி இரண்டு வருஷம். கிணற்றுக்கும் கக்கூசுக்கும் எத்தனை அடி தூரம் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, சொந்தத் தொட்டிலில் அங்குலம் பார்க்கத் தோன்றவில்லை.

ஆகவே ஆசாரியிடம் செய்யச் சொன்னாலும் கடையில் வாங்கினாலும் கையில் ஒரு டேப் எடுத்துப் போங்கள். கம்புகளுக்கு இடையில் இரண்டு அங்குலம், அதாவது 5 செ.மீ. சரியான அளவு. எக்காரணம் கொண்டும் 6 செ.மீ. தாண்டக் கூடாது. மெத்தையைப் போட்ட பிறகு, அதன் மேல்மட்டத்திலிருந்து பக்கச் சட்டத்தின் உச்சி வரை 20 அங்குல உயரமாவது இருக்கட்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்கு ஆகாது. அந்தச் சந்தில் குழந்தையின் முகம் சிக்கிக்கொள்ளும்.

நம் பக்கத்துத் தொட்டில்களில் நாலு மூலையிலும் குமிழ் வைத்துக் கடைவது வழக்கம். பார்க்க லட்சணம்தான். ஆனால் எழுந்து நிற்கிற வயசில் சட்டைக் கழுத்தோ கழுத்துக் கயிறோ அதில் மாட்டும். மூலையை மொழுமொழு என்று விட்டுவிடச் சொல்லுங்கள். ஆடுகிற தொட்டிலானால், ஆடாமல் நிறுத்தி வைக்க ஒரு பூட்டு இருக்க வேண்டும். நிறுத்தினதும் தளம் சரியாமல் மட்டமாக நிற்கிறதா என்று ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பாருங்கள்.

பாட்டன் காலத்துத் தொட்டில் பரணில் இருக்கிறது என்பவர்கள் பெயின்டைக் கவனிக்க வேண்டும். பழைய பெயின்டுகளில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பல் முளைக்கிற குழந்தை சட்டத்தைக் கடிக்கும். ஈயம் உள்ளே போனால் மூளை வளர்ச்சி கெடும். பெயின்டு உரிகிற பழைய தொட்டில் வேண்டாம்.

பெரிய கட்டிலோடு ஒட்டி வைக்கிற பக்கத் தொட்டில் இப்போது டவுன் கடைகளில் வருகிறது. ஆபரேஷன் பிரசவமான தாய் குனிந்து தரையிலிருந்து குழந்தையைத் தூக்குவது கஷ்டம். அவர்களுக்கு இது நல்ல வசதி. இரண்டு மெத்தையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, தொட்டிலைக் கட்டிலோடு வார் போட்டு இறுக்கியிருக்கிறதா, நடுவில் சந்து விழவில்லையா என்று தினமும் பார்க்க வேண்டும். குழந்தை கை ஊன்றி எழும்பத் தொடங்கினால், அநேகமாக ஐந்தாவது மாதவாக்கில், அதை நிறுத்திவிட்டு உயரச் சட்டம் உள்ள தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

"பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடி தொட்டில் வீட்டுக்கு வரக் கூடாது" என்பது பல வீடுகளில் ஐதீகம். சீர்த் தொட்டில் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும் என்பதும் உண்டு. அப்படியே இருக்கட்டும். ஏழாம் மாதத்திலேயே மாமனிடம் இந்த அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆசாரி செய்து தன் பட்டறையில் வைத்திருக்கட்டும். தொட்டில் வருகிற வரைக்கும் தரைப் படுக்கை போதும்.

தரையில் படுப்பவர்களுக்கு

தாயின் பாயை ஒட்டி, குழந்தைக்குத் தனிப் பாய் போடுங்கள். அதன்மேல் கெட்டியான மெல்லிய தென்னை நார் மெத்தை, அல்லது நாலாக மடித்த ஜமுக்காளம். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுத்தால் பள்ளம் விழக் கூடாது. புது இலவம்பஞ்சு மெத்தை இந்தச் சோதனையில் தேறாது. கயிற்றுக் கட்டிலும் தேறாது. விரிப்பை இழுத்து நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். தலையணை, பொம்மை, கழற்றிப் போட்ட துணி, திருஷ்டிக்காக வைக்கும் இரும்புச் சாமான் எதுவும் உள்ளே கிடக்க வேண்டாம். கழுத்தில் கட்டும் கறுப்புக் கயிற்றை இடுப்புக்கு மாற்றுங்கள்.

கொசுவலை அவசியம். அதன் ஓரங்களையும் பாய்க்கு அடியில் செருக வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. செருகிய வலை அதற்கும் ஒரு தடுப்பு. 2015-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் கொடுக்க ஆரம்பித்த குழந்தைப் பெட்டகத்தில் சிறு கொசுவலையும் இருந்தது. பல வீடுகளில் அதைப் பிரிக்காமலே பீரோவில் பார்த்திருக்கிறேன்! கொசுவத்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் குழந்தை தூங்கும் அறையில் கூடாது. தொட்டில் உள்ளவர்கள் எறும்புக்காகக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால், அதில் டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

தகப்பன்மார்களுக்குத் தனியாக

தாய் படுத்துக்கொண்டே பால் கொடுக்கும்போது அசந்து தூங்கிவிடுவது சகஜம். விழிப்பு வந்ததும் குழந்தையை அதன் இடத்தில் கிடத்திவிட்டால் சரி. ஆனால் குடித்துவிட்டு வருகிற ராத்திரி, நீங்கள் குழந்தை கிடக்கிற படுக்கைப் பக்கமே படுக்கக் கூடாது. போதையில் கை மேலே விழுந்தாலும் தெரியாது, புரண்டாலும் தெரியாது. திண்ணையில் படுத்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும், தூக்கம் வரவழைக்கிற மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே. குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் தூங்குவது இன்னும் ஆபத்து. இப்படிப் பக்கத்தில் தனியாகப் படுக்க வைப்பதைக் குறைந்தது ஆறு மாதம் நடத்த வேண்டும்.

தூக்கத்தில் குழந்தையின் உதடு நீலமானாலும், மூச்சு விட்டுவிட்டு வந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், எழுப்பியும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். அளவு, மெத்தை பற்றிய சந்தேகத்தை வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். குழந்தை படுக்கிற இடத்தை அவருக்கு நேரிலேயே காட்டுங்கள்.

வீட்டில் மூத்த பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று. காலியாகத் தொங்கும் தூளியில் ஏறி முறுக்கிச் சுற்றி விளையாடிய பிள்ளைகள், கழுத்தில் சேலை இறுகி இறந்த செய்தியைப் பத்திரிகையில் பலமுறை படித்திருப்பீர்கள். எட்டு, பத்து வயசுப் பிள்ளைகள் கூட அதில் உண்டு. குழந்தையை எடுத்ததும் சேலையை முடிச்சவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள். அவிழ்க்க நேரமில்லையென்றால், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சுருட்டி விட்டத்தின்மேல் போடுங்கள்.