கர்ப்ப காலத்தில் ஈறில் இரத்தம்: அலட்சியம் வேண்டாம்

கர்ப்பமான சில மாதங்களில் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வருவதை நம் சகோதரிகள் பலர் காண்கிறார்கள். வீட்டில் சொன்னால், "பிள்ளைத்தாய்ச்சிக்கு இது சகஜம், பெற்றெடுத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். சகஜம் என்பது உண்மைதான். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 60 முதல் 75 பேருக்கு ஈறு அழற்சி ஏற்படுவதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. அதற்காகக் கவனிக்காமல் விடலாகாது.

காரணத்தை முதலில் அறிந்துகொள்வோம். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் உடலில் பல மடங்கு கூடுகின்றன. இவை ஈறுகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை அதிகமாக்குகின்றன. பல்லோரம் படியும் கிருமிப் படலம் கொஞ்சமாக இருந்தாலும் ஈறு சிவந்து, வீங்கி, இரத்தம் கசிகிறது. பருவமடையும் வயதிலும், சிலருக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் இப்படி ஆவதுண்டு.

ஹார்மோனை நாம் குறைக்க முடியாது. கிருமிப் படலத்தை அகற்ற முடியும். ஆகவே இரத்தத்தைக் கண்டு துலக்குவதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வீக்கம் கூடும். நோய் முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு பிரசவத்துக்குப் பின் தானாக வளராது. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது என்று சொல்வதும் சரியல்ல. பல் போவதற்குக் காரணம் கவனிக்காமல் விட்ட ஈறு நோயும் சொத்தையுமே.

செய்ய வேண்டியவை:

1. காலையிலும் இரவு படுக்கும் முன்பும் மென்மையான பிரஷ்ஷால் ஃப்ளோரைடு பற்பசை கொண்டு துலக்குங்கள். மிஸ்வாக் செய்பவர்கள் அதன் நுனியை நன்கு மென்மையாக்கி, ஈறோரம் மெதுவாகத் தேய்க்கவும்.

2. மசக்கையில் வாந்தி எடுத்த உடனே துலக்கினால், அமிலம் பட்ட பல் தேயும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

3. பல் மருத்துவரிடம் செல்லத் தயங்க வேண்டாம். எத்தனையாவது மாதம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பல் சுத்தம் செய்வதற்குக் கர்ப்பம் தடையல்ல. 4 முதல் 6 மாதம் வரை கூடுதல் வசதியான காலம்.

4. கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டெட்ராசைக்ளின் போன்ற மருந்து பிறக்கும் பிள்ளையின் பற்களில் கறையை உண்டாக்கும்.

5. ஈறில் சிவந்த சிறு கட்டி தோன்றினால் பயப்பட வேண்டாம். கர்ப்ப காலத்தில் வரும் இக்கட்டி புற்றுநோய் அல்ல. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். எனினும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாதாந்திரப் பரிசோதனைக்கு உடன் செல்லும் கணவர்மாரும் மாமிமாரும் ஒருமுறை பல் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. பிள்ளையைச் சுமப்பவளின் உடல்நலம் குடும்பத்தார் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் அவளுடைய பல்லும் ஈறும் அடங்கும்.