பேட்டரிக்கும் ஒரு பேரேடு



கடை சாத்துமுன் கல்லாவை எண்ணிப் பார்க்காத வணிகர் நம்மில் இல்லை. ஆனால் சரக்கு வண்டியின் பேட்டரியில் எவ்வளவு இருப்பு என்று பார்ப்பவர்கள் மிகச் சிலரே. பண்பொழியிலிருந்து விடியற்காலையில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் புறப்பட வேண்டிய வண்டி செல்ப் எடுக்காமல் நின்றால், அன்றைய வியாபாரம் போயிற்று; வாடகை வண்டிக் கூலி வேறு.

இதற்குத் துணையாகப் புளூடூத் பேட்டரி மானிட்டர் என்ற சிறு கருவி விற்பனையில் உள்ளது. சிவப்பு வயரை பிளஸ் முனையிலும் கறுப்பு வயரை மைனஸ் முனையிலும் இணைத்து, அதற்குரிய செயலியைச் செல்போனில் ஏற்றிக்கொண்டால் வோல்ட் அளவு திரையில் தெரியும். செல்போன் வண்டிக்கு அருகில், சுமார் 10 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நாம் அருகில் இல்லாத நேரத்து அளவுகளையும் பல கருவிகள் பதிந்து வைக்கின்றன. பெரிய லாரிகளுக்கு 24 வோல்ட் என்பதால், அதற்கு ஏற்றதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

12 வோல்ட் ஈய பேட்டரியில் நாம் கவனிக்க வேண்டிய கணக்குகள் மூன்று.

1. இருப்பு: இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுமுன் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு இருப்பு. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்கும் கீழே என்றால் கால் பங்குகூட இல்லை. குறைந்த இருப்பிலேயே நாட்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, ஆயுள் குறையும்.

2. செலவு: செல்ப் அடிக்கும்போது வோல்ட் சட்டென்று இறங்கி ஏறும். முழு இருப்பு இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். முதலில் முனைகளில் பூத்த உப்பைச் சுத்தம் செய்து, இறுக்கிப் பாருங்கள்.

3. வரவு: என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டுவது நல்லது. 13-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட், டைனமோவைப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும்.

இந்த மூன்றையும் சேர்த்துப் படிப்பதில்தான் லாபம். வரவு குறைந்திருக்க, புது பேட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும். வரவு சரியாக இருந்தும் இரவில் மட்டும் இருப்பு கரைந்தால், ஏதோ ஒரு விளக்கோ கூடுதலாகப் பொருத்திய ஆரனோ கரண்டைத் தின்கிறது என்று பொருள். தெருத்தெருவாக நின்று சரக்கு இறக்கும் வண்டிக்குச் செலவு அதிகம், வரவு குறைவு. அதற்கு வாரம் ஒருமுறையாவது நீண்ட ஓட்டமோ, சார்ஜர் போடுவதோ அவசியம்.

ஒன்றை மறக்க வேண்டாம். வோல்ட் மட்டுமே முழுக் கணக்கு அல்ல. பழைய பேட்டரி 12.6 காட்டியும் பாரம் தாங்காமல் போகலாம். சந்தேகம் வந்தால் பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் செய்துகொண்டு முடிவெடுங்கள்.

பேட்டரி ஆராய்ச்சி நடைபெறும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார் என்ற வணிகர். அந்த அறிவின் பலன் இன்று நம் கைப்பேசிக்கே வந்திருக்கிறது. தினமும் காலையில் ஒரு நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். நடுவழியில் நிற்கும் நஷ்டம் குறையும்.