ஈயடிச்சான் காப்பி

ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் குற்றங்குறைகளோடு அப்படியே எழுதிவைப்பாராயின், அதனை 'ஈயடிச்சான் காப்பி' என்று நம் நாட்டார் நகைப்பர். இத்தொடரின் பொருளையும் ஆட்சியையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

'ஈயடிச்சான்' என்பது 'ஈயடித்தான்' என்பதன் பேச்சு வடிவு. ஈயை அடித்தவன் எனப் பொருள்படும். 'காப்பி' என்பது படியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. நாம் பருகும் காப்பியன்று. மூலத்தாளில் ஓர் ஈ நசுங்கி ஒட்டியிருக்கக் கண்ட குமாஸ்தா ஒருவர், தாமும் ஓர் ஈயை அடித்துத் தம் படியில் அதே இடத்தில் ஒட்டிவைத்தார் என்பது இதற்கு வழங்கும் கதை.

இதனோடு ஒத்தன போலத் தோன்றும் தொடர்கள் வேறும் உள. 'அச்சு அசல்' என்பது தோற்ற ஒப்புமையை வியப்பது. மகன் அச்சு அசல் தந்தையே என்கிறோம். 'வரி பிசகாமல்' என்பது நினைவாற்றலைப் பாராட்டுவது. 'சொல்லுக்குச் சொல்' என்பதில் புகழுமில்லை, இகழுமில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் விலக்கிய 'கூறியது கூறல்' என்னும் குற்றமோ, ஒருவர் தாம் சொன்னதையே பயனின்றி மீளச் சொல்வது. பிறர் எழுத்தைப் படியெடுத்தலன்று.

அங்ஙனமாயின், மாறாது எழுதுதலே குற்றமோ எனின், அன்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியில்லை. 'கொ', 'கோ' என்னும் இரண்டும் ஒரே வடிவில் நின்றன. அவற்றைப் படியெடுத்தோருள், விளங்காத சொல்லை மனம்போனவாறு திருத்தினோர் உண்மைப் பாடத்தை மறைத்தனர்; உள்ளவாறே எழுதினோர் அதனைக் காத்தனர். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடு சிதைந்த இடங்களைத் தம் சொல்லால் நிரப்பாது புள்ளியிட்டுக் காட்டினார். இதுவும் மாறாமையே, ஆயினும் ஈயடித்தலன்று. எது நூல், எது ஏட்டிற்கு நேர்ந்த ஊறு என்பதை அவர் அறிந்திருந்தார். கதையில் வரும் குமாஸ்தாவோ எழுத்தையும் ஈயையும் பிரித்தறியாதவர். அவர்பால் உள்ள குற்றம் மாறாமையன்று, ஆராயாமையே.

மாணவர்க்கு இவ்வேறுபாடு மிகவும் வேண்டற்பாலது. மேற்கோளை எழுத்துப் பிசகாமல் எழுதுதல் ஆசிரியர்க்கு நாம் செய்யும் மரியாதை. அதன் பொருளையும் பிறர் குறிப்பிலிருந்தே நெட்டுருச் செய்து, அக்குறிப்பின் அச்சுப்பிழையையும் விடாது பரீட்சைத் தாளில் எழுதிவைப்போமாயின், நாம் ஒட்டிவைப்பதும் அந்த ஈயே. ஆகலின், மூலத்தை மூலவாசகத்திலேயே தருவோம்; விளக்கத்தை நம் வாசகத்தில் எழுதுவோம்.