வாக்குமூலத்தில் கதையை முடிக்காதே

தென்காசி

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய தொடரின் எட்டு எபிசோடையும் படித்து முடித்தேன். வசனம் உனக்கு நன்றாக வருகிறது.

ஆனால் ஆடி மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு, ஆளே இல்லாத குற்றாலப் பேரருவியில் கொலை என்று எழுதியிருக்கிறாயே, நீ இந்த ஊரில் பிறந்தவன்தானே? சீசனில் அந்த நேரத்திலும் லைட் வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் அருவி முன்னால் இருக்கும் ஆர்ச்சைத் தாண்டி விழுந்து, போலீஸ் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றினால்தான் அங்கே ஆள் இருக்காது. கொலையை அப்படியொரு ராத்திரிக்குக் கொண்டுபோ. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், சிப்ஸ் கடைக்காரர், பிரானூர் பரோட்டா கடையில் இலை போட்டவர் எனக் குற்றவாளி யார் யார் கண்ணில் பட்டான் என்று யோசி. உன் சாட்சிகள் அவர்கள்தான்.

அருவியில் கிடைத்த உடலுக்கு எடுத்த எடுப்பில் கொலை வழக்குப் போடமாட்டார்கள். சந்தேக மரணம் என்றுதான் பதிவாகும். முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 194. கொலைக்கும் ஐ.பி.சி. 302 போய் பி.என்.எஸ். 103 வந்துவிட்டது. ஏட்டையா பேச்சில் பழைய நம்பர் வரலாம், எஃப்.ஐ.ஆரில் வரக்கூடாது.

இனி, என்னை உறங்கவிடாத விஷயம். கடைசி எபிசோடில் உன் இன்ஸ்பெக்டர் ஒருவனை அடித்து ஒப்புக்கொள்ள வைக்கிறார், கதை முடிகிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அவன் சொன்னதைக்கொண்டு ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைச் சுட்டும் பகுதி மட்டும் ஏற்கப்படும். ‘பாபநாசம்’ (2015) படத்தை மறுபடி பார். கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம், வெளியூரில் இருந்ததாகக் காட்ட, பஸ் டிக்கெட், லாட்ஜ் ரசீது என்று சேர்த்துவைக்கிறான். போலீசார் அவனுடைய சின்ன மகளை அடித்து, உடலைப் புதைத்த இடம் பற்றிய உண்மையைக் கறந்துவிடுகிறார்கள். தோண்டினால் உடலுக்குப் பதில் கன்றுக்குட்டி! உண்மை வெளிவந்தும் வழக்கு நிற்கவில்லை. ஜீத்து ஜோசப்பின் திரைக்கதையில் அந்த இடத்தை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

நானும் சீரியலுக்கு எழுதிய நாட்களில் லாக்கப் அடியை வீரமாகத்தான் எழுதினேன். கைதட்டலும் கிடைத்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். அதற்குப் பிறகு என்னுடைய அந்தப் பக்கங்களை என்னால் புரட்ட முடியவில்லை. அடித்தால் உண்மை வரும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நீ அதைச் செய்யாதே.

கடைசி எபிசோடை மாற்றி எழுது. யாரிடமும் கொடுக்கும் முன் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்துவிடு. ஆவணி பிறக்குமுன் ஊருக்கு வா, சாரல் இருக்கும்போதே பேரருவியை ராத்திரியில் உனக்குக் காட்டுகிறேன்.

அன்புடன்,
மாமா