காலை அடுப்பும் பள்ளிக்கூட மணியும்



குழுவில் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். சேமிப்பு எவ்வளவு, உள்கடன் யாருக்கு, தவணை யார் பாக்கி, கூட்டத்துக்கு யார் வரவில்லை, எல்லாம் நோட்டில் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து ஏப்ரல் வரைக்கும், தினமும் காலை ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் நம்ம வீட்டில் நடப்பது எந்த நோட்டிலும் இல்லை. இந்த மாதப் பாடத்தில் அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றிப் பேசுவோம்.

“சீக்கிரம் எழுந்திருங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லப் போவதில்லை. நாலரைக்கு எழுந்திருக்கிறவரிடம் மூன்றரைக்கு எழுந்திரு என்பது யோசனை ஆகாது.

நம்ம மாவட்டத்தில் வேலையும் பள்ளிக்கூடமும் ஒன்றோடு ஒன்று மோதுகிற மாதங்கள் உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் அரவையில் இருக்கும்போது கரும்பு வெட்டு சூடுபிடிக்கும். விடியும் முன்பே ஆள் கிளம்பிவிடுவார்கள். மாசி, பங்குனியில் வெட்டு நடந்துகொண்டிருக்கும், அதே சமயத்தில்தான் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு அரசுப் பொதுத்தேர்வு. நடவு, களை எடுப்பு சமயத்திலும் இதே கதைதான். இந்த மோதல் நாம் சோம்பேறியாக இருப்பதால் வருவதில்லை. வருஷா வருஷம் ஒரே மாதத்தில் வருகிறது. அதனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும், அதுதான் நமக்குச் சாதகம்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற நம் உறுப்பினர் வீடு.

இந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ல் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காய்கறி சாம்பாரோடு, ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, 15 கிராம் பருப்பு என்று அளவு. நாற்பது பிள்ளைகள் என்றால் இரண்டு கிலோ ரவை, அறுநூறு கிராம் பருப்பு. காய் நறுக்கி, சாம்பார் கூட்டி, மணி அடிப்பதற்குள் பரிமாறி முடிக்க வேண்டும். பல ஊர்களில் இதைச் செய்வது சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அந்தப் பள்ளியிலேயே தன் பிள்ளை படிக்கிற உறுப்பினருக்குத்தான் இந்த வேலை என்பதால், சமைக்கிற எல்லாருமே பள்ளிக்கூடப் பிள்ளையின் அம்மாக்கள்.

ஆக, ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க அவர் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை படிக்கிற சின்னப் பிள்ளைக்கு அவர் கையாலேயே பள்ளியில் சாப்பாடு கிடைத்துவிடும். ஒன்பதாவது படிக்கிற பெரிய பெண்? அவளுக்கு வீட்டில்தான் ஆக வேண்டும். தம்பியை எழுப்பிக் குளிக்க வைத்து அனுப்ப வேண்டும். அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர் என்றால் அவருக்குத் தூக்கில் சோறு கட்ட வேண்டும். மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும். இதெல்லாம் யார் தலையில் விழுகிறது?

அந்தப் பெரிய பெண்ணின் தலையில்தான். சொல்லாமலே விழுகிறது. யாரும் அவளைக் கூப்பிட்டு “இனிமேல் நீ பார்த்துக்கோ” என்று சொல்வதில்லை. அம்மா இல்லாத இடத்தில் அவள் தானாகப் போய் நிற்கிறாள், நாமும் “என் பொண்ணு பொறுப்பானவள்” என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஒரு நாள் பஸ்ஸை விடுகிறாள். இன்னொரு நாள் தம்பிக்குக் காய்ச்சல் என்று இருந்துவிடுகிறாள். நடவு வாரத்தில் மூன்று நாள். வருஷக் கடைசியில் கணக்குப் பாடம் புரியவில்லை என்கிறாள். அதற்கு அவள் மூளையைக் குறை சொல்கிறோம்.

வீட்டை ஒழுங்குபடுத்துவது என்றால் இந்தச் சுமை எங்கே போய் விழுகிறது என்று முதலில் பார்ப்பது. பாத்திரத்தை அடுக்கி வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. வீட்டில் ஒரு காலண்டர் மாட்டியிருப்போம். பிள்ளை பள்ளிக்குப் போகாத நாளில் தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். உடம்பு சரியில்லை என்றால் “உ”, வீட்டு வேலை என்றால் “வீ”. யார் பெயருக்கு வட்டம் என்று ஒரு எழுத்து. அவ்வளவுதான். குழுக் கூட்டத்துக்கு வராதவர் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுகிறோமே, அதே வேலை. ஒரு மாதத்தில் ஒரே பிள்ளைக்கு இரண்டு “வீ”க்கு மேல் விழுந்தால், அந்த வீட்டில் வேலைப் பங்கீட்டை மாற்ற வேண்டும் என்பது எங்கள் கருத்து. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பங்கீடு என்றவுடன் வீட்டு ஆம்பளைகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடு முழுக்க நேரக் கணக்கு எடுக்கிறது. 2024 கணக்குப்படி, வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடம். இந்த 88 நிமிடமும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரிதான், கையே வைக்காதவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். 2019-ல் இதே கணக்கில் பெண்ணுக்கு 299, ஆணுக்கு 97. ஐந்து வருஷத்தில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது, அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. கவனித்தீர்களா?

“அவருக்கு அடுப்பு பத்தத் தெரியாதுங்க” என்று நாமே சொல்லிவிடுகிறோம். கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்குச் சமைக்கிற மாஸ்டர் யார்? டீக்கடையில் விடியற்காலை பால் காய்ச்சுகிறவர் யார்? தெரியாது என்பது சரியல்ல, பழக்கமில்லை. பழக்கத்துக்குச் சின்ன வேலையாக, முழு வேலையாக ஒன்றைக் கொடுங்கள். “கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க” என்றால் நடக்காது. “தம்பியைக் குளிக்க வைத்துச் சட்டை மாட்டுவது உங்க வேலை, மாட்டுக்குத் தண்ணி உங்க வேலை” என்று சொன்னால் நடக்கும். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தாலும் போகட்டும், நாம் போய்த் திருத்த வேண்டாம். திருத்தினால் அடுத்த நாள் அந்த வேலை நம்மிடமே திரும்பி வந்துவிடும். பத்து வயசு ஆம்பளைப் பிள்ளைக்கும் தட்டு கழுவ, படுக்கை மடிக்க வரும். அக்கா செய்வாள் என்று அவன் பழகுவது நம் கண்ணெதிரில்தான்.

காலையில் செய்கிற பாதி வேலையை ராத்திரிக்கு மாற்றலாம். பை அடுக்குவது, தண்ணி பாட்டில், சீருடை, வெங்காயம் உரிப்பது. சத்துணவு சாப்பிடுகிற எட்டாவது வரையிலான பிள்ளைகளுக்கு அரசு வருஷத்துக்கு நான்கு செட் சீருடை தருகிறது, ஆனால் தவணை தவணையாகத்தான் வரும். அதுவரை இருப்பதை ஞாயிறு, புதன் என்று இரண்டு நாள் துவைத்தால் போதும். ராத்திரி எல்லா வேலையையும் நாமே செய்துவிட்டால் தூக்கம்தான் போகும். தன் பையைத் தானே அடுக்குவது ஒன்றாவது படிக்கிற பிள்ளையால்கூட முடியும்.

ஒரே வீட்டுக்குள் முடியாததைத் தெருவில் முடிக்கலாம். நடவுக்கு இன்றைக்கு நீ என் கழனிக்கு, நாளைக்கு நான் உன் கழனிக்கு என்று போவோமே, அதே மாதிரிதான். பக்கத்து பக்கத்து நான்கு வீட்டு உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு, இந்த வாரம் ஒருவர் எல்லார் வீட்டுச் சின்னப் பிள்ளைகளையும் கிளப்பி விடலாம். காலை உணவு சமைப்பவருக்கு உடம்பு முடியாத நாளில் யார் போவது என்பதையும் குழுவில் முன்பே பேசி வையுங்கள். காலை ஐந்து மணிக்கு போன் அடித்து ஆள் தேடுகிற நிலை வேண்டாம்.

கூட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். வாரக் கடன் கொடுக்கிற கம்பெனிகள் சில, வசூல் கூட்டத்தைக் காலை ஏழு, ஏழரைக்கு வைக்கின்றன. எல்லாரும் கையெழுத்துப் போடும் வரை உட்கார வேண்டும். பிள்ளை கிளம்புகிற நேரம் அது. நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு, தனியாகக் கேட்காமல் சேர்ந்து கேளுங்கள். நம் குழுக் கூட்டமும், கூட்டமைப்புக் கூட்டமும் பள்ளி நாட்களில் காலையில் இருக்கக் கூடாது.

மே மாதமே வந்துவிடுகிற இன்னொரு நெருக்கடி பணம். பாடப் புத்தகம், நோட்டு, சீருடை, பை அரசுப் பள்ளியில் கிடைத்தாலும் செருப்பு, பஸ் செலவு, ஜாமெட்ரி பாக்ஸ் என்று ஜூனில் கை கடிக்கும். கரும்புப் பணம் சொன்ன தேதிக்கு வருமென்று நம்ப முடியாது. வாரம் இருபது ரூபாய் தனியாகக் கட்டினால் ஐம்பது வாரத்தில் ஆயிரம். குழுவில் இதைப் “பள்ளிச் சேமிப்பு” என்று தனிப் பத்தியாக எழுதி, ஜூன் முதல் வாரம் மட்டும் எடுப்பது என்று தீர்மானம் போடலாம்.

இனி மலைக்குப் போவோம். கல்வராயன் மலையில் கணக்கே வேறு. வெள்ளிமலை, சேராப்பட்டு, கரியாலூர் பக்கம் உள்ள ஊர்களில் ஒரு பஸ்ஸை விட்டால் ஒரு நாள் படிப்பு போச்சு. பல பிள்ளைகள் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கிறார்கள். அப்பா அம்மா மரவள்ளி, சாமை வேலை போக, கேரளா, கர்நாடகா என்று மாதக் கணக்கில் கூலிக்குப் போவதும் உண்டு. தாத்தா, ஆயாதான் வீட்டில்.

அங்கே ஆபத்து காலை நான்கு மணி நேரத்தில் இல்லை, லீவு முடிகிற நாளில் இருக்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை, கொண்டுபோய் விட ஆள் இல்லாமல் ஒரு வாரம் தங்கும். ஒரு வாரம் இரண்டு வாரமாகும். அப்புறம் போகக் கூச்சம். நிரந்தரமாக நிற்பது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே மலையில் உள்ள குழுக்கள் காலண்டரில் காலாண்டு, அரையாண்டு, பொங்கல் விடுமுறை முடிகிற தேதியைக் குறித்து, அன்றைக்கு எந்த உறுப்பினர் எந்தெந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறவர்கள், திரும்பி வரும் தேதியை ஆயாவிடம் மட்டும் சொல்லாமல் குழு ஊக்குநரிடமும் சொல்லிவிட்டுப் போகலாம்.

கிளம்பும் முன் காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துவிட்டுப் போங்கள். சாதிச் சான்றிதழ், ஆதார், பிள்ளையின் வங்கிப் புத்தகம், மதிப்பெண் பட்டியல். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் ஆதாரில் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியபோது, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பையன்களுக்கு அதேபோல் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. எந்த வருஷம் எந்தப் பள்ளியில் படித்தாள் என்ற காகிதம் அப்போது தேவைப்படும்.

பஸ் நேரம் பள்ளி நேரத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அதைப் பேசும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டுக் காலண்டரில் இந்த மாதப் பக்கத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். “வீ” எத்தனை விழுந்தது, யார் பெயருக்கு விழுந்தது என்று எண்ணுவோம். கரும்பு வெட்டு தொடங்குவதற்குள் எந்தெந்த வீட்டுக்கு முறை ஆள் தேவை என்பதையும் அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதிவிடலாம்.